இல்லாத இடங்களை வைத்து வழி சொல்கிறோம்: எட்மண்டனின் அடையாளங்கள் பற்றி

போன கோடையில் ஜேர்மனியில் இருந்து மச்சான் ஒருவர் குடும்பத்தோடு காரில் வந்தார். வழிகாட்டிக் கருவி இருந்தும் பாதி வழியில் தொலைபேசி எடுத்தார். "நோர்த் சேர்குலரிலை வா, ஐக்கியா தாண்டினவுடனை ஏஞ்சல் வரும், அதிலை திரும்பு" என்றேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்தார். "மச்சான், ஐக்கியாவையும் காணேல்லை, ஏஞ்சலையும் காணேல்லை!"

பக்கத்தில் இருந்த மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, நீங்கள் இல்லாத இடத்தைச் சொல்லித்தான் எல்லாருக்கும் வழி சொல்லுறீங்கள்" என்றாள். அவள் சொன்னது சரி. ஐக்கியா 2022 இல் மூடியாயிற்று. ஏஞ்சல் என்ற கட்டடம் நாங்கள் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது. நான் அதைக் கண்ணால் கண்டதே இல்லை.

வட லண்டனில் எங்கள் ஆட்கள் கணிசமாக வாழும் இடங்களில் எட்மண்டனும் ஒன்று. இங்கே வளர்ந்து வேறு நாடுகளுக்கும் வேறு நகரங்களுக்கும் போன பிள்ளைகள் திரும்பி வரும்போது, "இங்கை இருந்தது எங்கை?" என்று கேட்கிறார்கள். எது போனது, ஏன் போனது, எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று ஒரு கணக்கு எழுதிப் பார்த்தேன். அதில் எங்கள் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் தேவையான ஒரு பாடம் இருக்கிறது.

ஏஞ்சல்: கட்டடம் போனது, பெயர் நின்றது

ஃபோர் ஸ்ரீற் என்பது பழைய றோமர் வீதியான ஏர்மின் ஸ்ரீற்றின் பாதை. லண்டனில் இருந்து வடக்கே போகும் பிரதான வழி அது. அதில் பயணிகள் தங்கிப் போகும் சத்திரங்கள் பல இருந்தன. அவற்றில் ஒன்றுதான் ஏஞ்சல். வட சுற்று வீதியை அகலமாக்கியபோது அதை இடித்துவிட்டார்கள். ஆனாலும் அந்தச் சந்தியும் சுற்றுப்புறமும் இன்றும் ஏஞ்சல் எட்மண்டன்தான். பக்கத்து வீதி ஏஞ்சல் றோட். அங்கிருந்த ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்.

1840 இல் திறந்த அந்த ரயில் நிலையம் 2019 மே 31 ஆம் திகதி மூடப்பட்டது. மூன்று நாள் கழித்து, ஜூன் 3 ஆம் திகதி, கொஞ்சம் தெற்கே மெரிடியன் வோட்டர் என்ற புதிய நிலையம் திறந்தது. கிறீன்விச் நெடுங்கோடு இந்தப் பக்கத்தால் போவதை நினைவூட்டும் பெயர் அது. பழைய தொழிற்சாலை நிலங்களில் என்ஃபீல்ட் கவுன்சில் கட்டும் புதிய குடியிருப்புத் திட்டத்துக்கும் அதே பெயர்தான். ஆக, ரயில் வரைபடத்தில் ஏஞ்சல் றோட் இல்லை. ஆனால் ஃபோர் ஸ்ரீற்றில் பஸ்ஸுக்கு நிற்கும் யாரைக் கேட்டாலும் ஏஞ்சல் எது என்று காட்டுவார்கள்.

இது எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் வெலிங்டன் சந்தி என்று சொல்கிறோம். அது ஒரு படமாளிகையின் பெயர். அங்கே படம் பார்க்காத பிள்ளைகளும் அந்தச் சந்தியை அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு பெயரைப் போதுமான ஆட்கள் போதுமான காலம் சொன்னால், கட்டடம் போனாலும் பெயர் போகாது.

கிரீன்: புல்வெளி, சந்தை, கோபுரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கலாம். இன்று எட்மண்டன் கிரீன் என்று சொல்லும் ரயில் நிலையத்தின் பெயர் 1992 வரை லோவர் எட்மண்டன். அங்கே உண்மையாகவே ஒரு புல்வெளி இருந்தது. அதைச் சுற்றிக் கடைகளும் தெருச் சந்தையும் இருந்தன. அறுபதுகளில் பழைய கடைத்தெருவை இடித்து, மூடிய கடைத்தொகுதியையும் அதன்மேல் மூன்று உயர்மாடிக் கட்டடங்களையும் கட்டினார்கள். சந்தை உள்ளே போனது. அந்த மூன்று கோபுரங்களும் எழுபதுகளில் இருந்து எட்மண்டனின் அடையாளம். தூரத்தில் இருந்து ரயிலில் வரும்போது அவை தெரிந்தால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் வீடுகளில் பலருக்கு முதல் குளிர்ச்சட்டை அந்தச் சந்தையில் வாங்கியதுதான். ஒரு கிண்ணம் ஒரு பவுண் என்று தக்காளியும் மிளகாயும் குவித்து வைத்திருப்பார்கள். மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் முதன்முதலில் இங்கே கண்டது ஆபிரிக்க, கரீபியன் சனங்களின் கடைகளில். அதைக் கண்ட அன்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது அந்தக் கடைத்தொகுதியையே மறுபடி மாற்றி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளோடு கட்டும் திட்டம் இருக்கிறது. அறுபதுகளில் பழைய கடைத்தெருவுக்கு நடந்தது, அதை விழுங்கிய கடைத்தொகுதிக்கு இப்போது நடக்கப்போகிறது.

நாங்கள் வந்த காலத்தில் பஸ்ஸில் வெள்ளைக்கார முதியவர்கள் "பழைய ரவுண் ஹோல் இருந்த இடம்" என்று கதைப்பது கேட்கும். ஃபோர் ஸ்ரீற்றில் 1884 இல் கட்டிய நகர மண்டபம் அது. 1965 இல் எட்மண்டன், என்ஃபீல்ட், சவுத்கேற் மூன்றையும் சேர்த்து ஒரே மாநகரப் பிரிவாக்கினார்கள். மூன்று சபைகள் ஒன்றானதும் மூன்று மண்டபங்கள் தேவைப்படவில்லை. எட்மண்டன் மண்டபத்தை 1989 இல் இடித்தார்கள். ஒரு கட்டடத்தின் வேலை போனால் அதன் உயிரும் போகும். ஆனால் எப்போதும் அப்படியில்லை. அதே வீதியில் 1897 இல் திறந்த பாஸ்மோர் எட்வேர்ட்ஸ் நூலகம், புத்தகங்கள் வேறிடம் போன பிறகு பள்ளிவாசலாகியது. அதை நம்பி வாங்கிப் பாவிக்க ஒரு சமூகம் இருந்ததால் அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது.

ஐக்கியா: 17 வருடம்

2005 பெப்ரவரி 10 ஆம் திகதி நள்ளிரவில் ஐக்கியா திறந்தது உலகச் செய்தியாகியது. மலிவு விலைச் சோபாவுக்காக ஆயிரக்கணக்கில் சனம் கூடி, நெரிசலில் பலர் காயப்பட்டு, திறந்த கொஞ்ச நேரத்திலேயே கடையை மூட வேண்டியதாயிற்று. தொலைக்காட்சியில் எட்மண்டன் என்ற பெயரைக் கேட்டு, கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் அது தங்கள் பக்கத்து எட்மண்டன் என்று நினைத்து விசாரித்தார்கள். அல்பேர்ட்டாவில் உள்ள அந்த ஊருக்கும் பெயர் இங்கிருந்து போனதுதான்.

அதற்குப் பிறகு 17 வருடம் அது எங்கள் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைப் பயணம். புதுமணத் தம்பதியின் கட்டில், பல்கலைக்கழகம் போகும் பிள்ளையின் மேசை, இலவசமாகக் காரை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை விளையாட விடுவது, கடைசியில் கோப்பியும் மீற்போலும். 2022 ஆகஸ்டில் மூடினார்கள். இணையத்தில் வாங்கும் பழக்கம் கூடியதும், கம்பனி நகரின் நடுவே சிறிய கடைகளை நோக்கி நகர்ந்ததும் காரணம். அதே 2022 இல் ஹமர்ஸ்மித்தில் ஒரு கடை திறந்தது. 2025 மே மாதம் ஒக்ஸ்போர்ட் ஸ்ரீற்றிலும் திறந்தது. எட்மண்டனில் இருந்த பெரிய மண்டபம் 2023 இல் ட்ரம்ஷெட்ஸ் என்ற பெயரில் 15,000 பேர் கொள்ளும் இசை, நடன அரங்காகியது. நாங்கள் அலுமாரி வாங்கிய இடத்தில் எங்கள் பிள்ளைகள் இரவிரவாக ஆடுகிறார்கள்.

எது நிற்கிறது, ஏன்?

இப்போது மறுபக்கம். சேர்ச் ஸ்ரீற்றில் சகல புனிதர் தேவாலயம் நிற்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் 1834 இல் இறந்த ஆங்கிலக் கட்டுரையாளர் சார்ள்ஸ் லாமும் அவர் சகோதரி மேரியும் அடக்கமாகி இருக்கிறார்கள். அவர் கடைசியாக வாழ்ந்த சிறு வீடும் அதே வீதியில் இருக்கிறது. அவரைப் பற்றி எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பனியின் கணக்குப் பிரிவில் 33 வருடம் எழுதுவினைஞராக இருந்தவர் அவர். பகலில் கம்பனிக்குப் பேரேடு எழுதிவிட்டு, மிச்ச நேரத்தில் இலக்கியம் எழுதியிருக்கிறார். கணக்காளர்கள் எல்லோருக்கும் ஒரு ஆறுதல்.

அதே சேர்ச் ஸ்ரீற்றில்தான் எங்கள் நாகபூஷணி அம்பாள் ஆலயமும் இருக்கிறது. நயினாதீவில் இருந்து அம்பாளின் பெயரைக் கொண்டுவந்து, லாமின் வீட்டு வீதியில் வைத்திருக்கிறோம். தேர் நாளில் அந்த வீதியில் நின்று பார்த்தால் இது எந்த ஊர் என்று ஒரு கணம் தடுமாறும்.

நோர்த் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியும் நிற்கிறது. எங்கள் பிள்ளைகள் பலர் பிறந்தது அங்கேதான். 1842 இல் ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய ஏழைவிடுதி இருந்த நிலம் அது. பிறகு அங்கே மருத்துவமனை வந்தது. முதலாம் உலகப்போரில் படையினரின் ஆஸ்பத்திரி, 1920 இல் இருந்து நோர்த் மிடில்செக்ஸ். கட்டடங்கள் பல தடவை மாறினாலும் நிலம் பொதுச் சொத்தாகவே இருந்தது. பிம்ஸ் பூங்காவும் அப்படித்தான். ஒரு காலத்தில் பிரபுக்களின் மாளிகைத் தோட்டம். 1906 இல் பொதுப் பூங்காவாகத் திறந்தார்கள். மாளிகை 1940 இல் தீயில் போனது. குளமும் மரங்களும் எங்களுக்கு மிஞ்சின.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனவை எல்லாம் யாரும் விரும்பாதவை அல்ல. நிற்பவை எல்லாம் மிகவும் விரும்பப்பட்டவையும் அல்ல. நிற்பவற்றுக்கு மூன்று காரணங்களில் ஒன்றாவது இருக்கிறது. பாவிப்பவர்களிடமே நிலம் இருக்கிறது, அல்லது சட்டம் பாதுகாக்கிறது, அல்லது எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இந்த மூன்றும் இல்லாத இடம் எவ்வளவு பாசத்தோடு நடந்தாலும் ஒரு வாடகை ஒப்பந்தத்தின் முடிவுத் திகதியோடு போய்விடும்.

எங்கள் சொந்த அடையாளங்கள்

எங்கள் கடைகளை எடுத்துக்கொள்வோம். தொண்ணூறுகளில் தமிழ்க் கடை என்றால் அரிசி, மிளகாய்த்தூள் மட்டுமல்ல. பின்பக்கத்தில் வீடியோப் பிரதிகள், காசாளர் மேசையில் தொலைபேசி அட்டைகள், கண்ணாடியில் வாடகைக்கு அறை என்ற துண்டுகள், வாசலில் அன்றைய பத்திரிகை. ஊரில் என்ன நடந்தது என்பதை முதலில் அறிந்தது அந்த வாசலில்தான். புதிதாக வந்தவருக்கு வேலையும் அறையும் வழக்கறிஞரும் கிடைத்தது அங்கேதான். பிறகு யூரியூப் வீடியோவை எடுத்தது, ஸ்கைப்பும் வட்ஸ்அப்பும் தொலைபேசி அட்டையை எடுத்தன, பெரிய சுப்பர்மார்க்கெற்றுகள் பாசுமதியையும் பருப்பையும் தட்டில் வைத்தன. வருமானத்தின் மூன்று கால்கள் உடைந்தபோது வாடகை மட்டும் ஏறியது.

அவ்வளவையும் தாங்கி நின்ற கடைகளும் உண்டு. அப்படி ஒன்றை நான் நன்றாக அறிவேன். கடைக்காரர் 17 வருடம் நடத்தினார். ஒருநாள் கட்டட உரிமையாளரிடம் இருந்து கடிதம் வந்தது. குத்தகை முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை, கட்டடத்தை மாற்றிக் கட்டப்போகிறோம் என்று. கடிதத்தோடு என்னிடம் வந்தார். "அண்ணை, இவ்வளவு காலம் வாடகை ஒரு நாள் பிந்தினதில்லை. சும்மா எழுப்பேலுமோ?" என்று கேட்டார்.

நான் அவருடைய கணக்கைப் பத்து வருடமாகப் பார்த்தவன். ஒவ்வொரு வருடமும் வாடகையைச் செலவுப் பக்கத்தில் எழுதினேன். குத்தகைப் பத்திரத்தை ஒரு தடவையாவது கேட்டு வாங்கி வாசிக்கவில்லை. அன்றுதான் வாசித்தேன். 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பை விலக்கிக்கொள்வதாக அவர் கையெழுத்து வைத்திருந்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. குளிர்ப்பெட்டிகளையும் தட்டுகளையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார். ஒரு சதம் நட்டஈடு கிடைக்கவில்லை. அந்தப் பிழையில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குத்தகையில் பார்க்க வேண்டியது

இங்கிலாந்திலும் வேல்சிலும் கடை, அலுவலகம், மண்டபம் போன்ற இடங்களைத் தொழிலுக்காகக் குத்தகைக்கு எடுப்பவர்களுக்கு 1954 ஆம் ஆண்டு நில உரிமையாளர், குத்தகையாளர் சட்டத்தின் இரண்டாம் பகுதி ஒரு உரிமை தருகிறது. காலம் முடிந்தாலும் நீங்கள் அங்கே தொடரலாம், புதிய குத்தகை கேட்கலாம். உரிமையாளர் மறுப்பதானால் சட்டத்தில் சொன்ன காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். வாடகை ஒழுங்காகக் கட்டாதது ஒரு காரணம். இடித்துக் கட்டப்போவது இன்னொன்று.

இடித்துக் கட்டுவதுதான் காரணம் என்றால் நட்டஈடு தர வேண்டும். வணிக வரிக்காக அந்த இடத்துக்கு அரசாங்கம் மதிப்பிட்ட ஆண்டுத் தொகை எவ்வளவோ அவ்வளவு. அதே தொழில் அங்கே 14 வருடமோ அதற்கு மேலோ நடந்திருந்தால் இரண்டு மடங்கு. உதாரணமாக மதிப்பு 18,000 பவுண் என்றால், 17 வருடம் இருந்தவருக்கு 36,000 பவுண். அந்தக் கடைக்காரர் கையெழுத்து வைக்காமல் இருந்திருந்தால் நிலைமை வேறு.

இந்தப் பாதுகாப்பை ஆரம்பத்திலேயே விலக்கலாம் என்பதுதான் பொறி. அதற்கு உரிமையாளர் முதலில் ஒரு எச்சரிக்கை அறிவித்தல் தர வேண்டும். குத்தகைக்கு 14 நாளுக்கு முன் தந்தால் நீங்கள் ஒரு சாதாரண உறுதிமொழியில் கையெழுத்து வைத்தாலே போதும். அதைவிடப் பிந்தித் தந்தால் தனியான வழக்கறிஞர் முன் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். அதனால் "இதிலை ஒரு சைன் வையுங்கோ, வழமையானதுதான்" என்று ஒரு கடதாசி வந்தால், அது இதுதானா என்று கேளுங்கள். விலக்கினால் வாடகையில் குறைப்புக் கேளுங்கள். உரிமை ஒன்றை விற்பதானால் விலையாவது கிடைக்க வேண்டும். உங்கள் குத்தகை எந்த வகை என்று இன்று இரவே பெட்டியைத் திறந்து பாருங்கள். விளங்காவிட்டால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கணக்காளரிடமும் காட்டுங்கள், அவராகக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சங்கங்களுக்கு இன்னொரு வழி

மண்டபம், நூலகம், சமூக நிலையம் போன்ற இடங்களுக்கு 2011 ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் ஒரு வழி திறந்தது. ஊர்ச் சனங்களுக்குப் பயன்படும் ஒரு கட்டடத்தைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதியும்படி கவுன்சிலிடம் கேட்கலாம். பதிவு செய்யப்படாத சங்கமானால் உள்ளூர் வாக்காளர் 21 பேராவது அதில் உறுப்பினராக இருக்க வேண்டும். கவுன்சில் எட்டுக் கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதிவு ஐந்து வருடம் நிற்கும். அதற்குள் உரிமையாளர் விற்க முற்பட்டால், ஆறு கிழமைக்குள் நாங்கள் விருப்பம் தெரிவித்தால், மொத்தம் ஆறு மாதம் விற்பனை தள்ளிப்போகும். அந்தக் காலத்தில் காசு சேர்த்து விலை கேட்கலாம். எங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை. ஆனால் ஆறு மாதம் என்பது, ஒரு திருவிழாவுக்கே மூன்று மாதத்தில் காசு சேர்க்கும் எங்கள் சனத்துக்குச் சின்னக் காலம் அல்ல.

எழுதி வைப்பது

கடைசியாக, பெயரைப் பற்றி. 2024 இல் லண்டன் ஓவர்கிரவுண்ட் பாதைகளுக்குப் புதிய பெயர்கள் வந்தன. எட்மண்டன் கிரீன், சில்வர் ஸ்ரீற் வழியாகப் போகும் பாதைக்கு வீவர் லைன் என்று பெயர். நெசவாளர் பாதை. அது போகும் லிவர்பூல் ஸ்ரீற், ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் பக்கத்தில் நெசவுத் தொழிலை வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள், பிரான்சில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனோட் அகதிகள். முந்நூறு வருடத்துக்கு முன் வந்த அகதிகளின் தொழில் இன்று ரயில் வரைபடத்தில் இருக்கிறது என்றால், அவர்களுடைய வீடும் தறியும் பெயரும் எழுதி வைக்கப்பட்டதால்தான்.

எங்களிடம் என்ன எழுதி இருக்கிறது? பழைய கடையின் பெயர் போட்ட நாட்காட்டி, தமிழ்ப் பள்ளியின் ஆண்டுமலர், அரங்கேற்ற அழைப்பிதழ், கோயில் பற்றுச்சீட்டு. இவை பரணில் கிடக்கின்றன, வீடு மாறும்போது குப்பைக்குப் போகின்றன. ஒரு படம் எடுத்து, பின்னால் வீதியின் பெயரையும் வருடத்தையும் எழுதுங்கள். கவுன்சிலின் உள்ளூர் வரலாற்று ஆவணப் பிரிவு இவற்றுக்கான இடம். ஈழத்து ஆவணங்களை இணையத்தில் பாதுகாக்கும் நூலகம் நிறுவனமும் இருக்கிறது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறை நாங்கள். ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மச்சான் கடைசியில் வந்து சேர்ந்தார். சாப்பிட்டு முடிந்ததும் அவரை நடக்கக் கூட்டிப்போனேன். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது மரத்தட்டி அடித்திருக்கிறார்கள். "இதிலைதான் எங்கடை தமிழ்க் கடை இருந்தது" என்று மகள் தன் மச்சாளுக்குச் சொன்னாள். இல்லாத இடத்தை வைத்து அவளும் வழி சொல்லத் தொடங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து, அந்தக் கடையின் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்துப் பின்னால் வருடத்தை எழுதி வைத்தேன்.